இருதயம்மாள் டீச்சர் தைத்த ஓட்டப்பாவாடை

உத்தமபாளையத்தில் நடந்த பள்ளிக்கூடப் போட்டிக்கு இருதயம்மாள் போனதே துணைக்குத்தான். பொம்பளைப் பிள்ளைகளை வெளியூருக்குக் கூட்டிக்கொண்டு போனால் பெண் டீச்சர் ஒருத்தர் கூடப் போக வேண்டும் என்பது செங்குளத்துப்பட்டி உயர்நிலைப் பள்ளியில் கட்டாயம். மற்ற இரண்டு டீச்சர்மாரும் கைக்குழந்தைக்காரிகள். தையல் டீச்சருக்கு என்ன பெரிய வேலை இருக்கப்போகிறது என்று இவளை அனுப்பிவிட்டார்கள். அது 1976ஆம் வருஷம், ஆவணி மாசம்.

கோ-கோ என்றால் என்னவென்றே அன்றைக்குத்தான் பார்த்தாள். நட்டுவைத்த இரண்டு கம்பத்துக்கு நடுவில் எட்டுப் பிள்ளைகள் ஒரே வரிசையில், ஒருத்தி கிழக்கே பார்த்தும் அடுத்தவள் மேற்கே பார்த்தும் குந்தியிருந்தார்கள். ஒன்பதாவது பிள்ளை எதிரணிக்காரியைத் துரத்தினாள். எட்டிப் பிடிக்க முடியவில்லை என்றால், குந்தியிருப்பவள் முதுகில் தட்டி 'கோ' என்று கத்தினாள். தட்டு வாங்கியவள் துள்ளி எழுந்து துரத்தினாள், இவள் அந்த இடத்தில் குந்திக்கொண்டாள். நல்ல விளையாட்டாகத்தான் இருக்கிறது என்று இருதயம்மாள் நினைத்துக்கொண்டிருந்தபோதே, எட்டாம் வகுப்பு ஜக்கம்மா 'கோ' வாங்கி எழுந்தாள். எழுந்த வேகத்தில் குதிகால் பாவாடை விளிம்பை மிதித்தது. முகம் குப்புற விழுந்தாள். முன்பல்லில் பாதி மண்ணில் கிடந்தது.

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அணியிலேயே வேகமான ஓட்டக்காரி பூமாரி. அவளும் ஒரு கையால் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மிச்சம் இருந்த ஒரு கையோடுதான் ஓடினாள். எதிரணிப் பிள்ளைகள் கால்சட்டை போட்டுக்கொண்டு முயல் மாதிரி வளைந்து ஓடினார்கள். செங்குளத்துப்பட்டி படுதோல்வி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிள்ளைகள் ஒருத்தர் மடியில் ஒருத்தர் சாய்ந்து அழுதார்கள். ஜக்கம்மா மட்டும் அழவில்லை. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

"டவுசர் போட்டா இந்தப் பிள்ளைக செயிச்சிரும் டீச்சர்," என்றார் விளையாட்டு வாத்தியார் அய்யாத்துரை. "ஆனா போடச் சொன்னா ஊருக்குள்ள என்னையக் கட்டி வச்சு உரிச்சிருவாக."

இருதயம்மாளின் கண் ஜக்கம்மாளின் பாவாடை விளிம்பில் இருந்தது. ஒரு முழம் கிழிந்து தொங்கியது.

அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பிறந்தது ராயப்பன்பட்டியில். அப்பா அடுத்தவர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளியவர். கன்னியாஸ்திரிகளிடம் தையல் படித்து, பரீட்சை எழுதி, அரசாங்க வேலைக்கு வந்தவள். புருஷன் மிக்கேல், கம்பத்திலிருந்து குமுளி மலைக்கு ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். பிள்ளைகள் இரண்டும் போர்டிங்கில் படித்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கென்று ஓர் அறை, அதில் இரண்டு கால்மிதி மிஷின், ஒரு நீள மேசை. பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வந்து, "டீச்சர், இன்னிக்கு ஒங்க பீரியடை நான் எடுத்துக்கிறேன்," என்பார். தையல் பீரியடை யாரும் திருப்பிக் கொடுத்ததே இல்லை.

மறுநாள் சாயங்காலம் இருதயம்மாள் கிணற்றடிக்குப் பக்கத்தில் இருந்த மணலில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றி நனைத்தாள். பூமாரியைக் கூப்பிட்டாள்.

"ஆத்தா, பாவாடையைச் சொருகிக்கிட்டு இங்கன ஒரு ஓட்டம் ஓடு. ஒன்னால எம்புட்டு முடியுமோ அம்புட்டு வேகம்."

பிள்ளை ஓடினாள். ஈரமணலில் தடம் விழுந்தது. இருதயம்மாள் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் அளந்தாள். ஐம்பத்திரண்டு அங்குலம். பிறகு பாவாடையை இறக்கிவிட்டு, காலை எவ்வளவு அகட்ட முடிகிறதோ அகட்டச் சொல்லி அளந்தாள். முப்பத்தாறு.

பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த அய்யாத்துரையிடம் டேப்பைக் காட்டினாள். "பதினாறு அங்குலம் கொறையுது சார். பிள்ளைக ஓடாம இல்ல. துணி விடல."

அய்யாத்துரை குனிந்து அந்தத் தடங்களைப் பார்த்தார். "ரெண்டு வருசமா, காலை எட்டி வைங்கடின்னு இந்தப் பிள்ளைகளை வஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன்," என்றார்.

அன்றிலிருந்து இருதயம்மாளுக்கு அதுதான் வேலை. முதலில், சுற்றளவு கூட்டி ஒரு பாவாடை தைத்தாள். ஓட வசதியாக இருந்தது, குந்தி எழும்போது துணி காலுக்குள் சுருண்டது. அடுத்து, பைஜாமா மாதிரி ஒன்று தைத்துப் பார்த்தாள். அதை ஊருக்குள் ஒரு தாயும் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று அவளுக்கே தெரிந்து பிரித்துப் போட்டாள். மூன்றாவதாக வந்ததுதான் சரியாக வந்தது. உள்ளுக்குள்ளே இரண்டு கால், தனித்தனியாக. அதன் மேலே முன்னால் ஒரு மடிப்பு, பின்னால் ஒரு மடிப்பு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். நின்றால் பாவாடை. நடந்தாலும் பாவாடை. ஓடினால் மடிப்பு விலகிக் காலுக்கு வழி விடும், நின்றதும் தானாக வந்து மூடிக்கொள்ளும். முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை இறக்கம்.

"இது என்ன இருதயம், ஜீப்புக்குப் படுதாவா?" என்று மிக்கேல் வீட்டில் கேட்டார்.

"இதைப் போட்டுத்தான் ஒங்க ஜீப்பை முந்தப் போறாக எம் பிள்ளைக," என்றாள்.

தையல் வகுப்புக்கு வரும் காடாத் துணிதான் கையில் இருந்தது. வெளிறி இருந்தால் மண் கறை தெரியும் என்று நீலச் சாயம் வாங்கி, பெரிய அண்டாவில் கொதிக்க வைத்து, பிள்ளைகளையே முக்கி எடுக்கச் சொன்னாள். ஒரு வாரம் எல்லார் கையும் முழங்கை வரை நீலமாகத் திரிந்தது.

அந்த நீலக் கையைப் பார்த்துத்தான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. பூமாரியின் அப்பா பலவேசம் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். வாழைத்தோப்புக்காரர், ஊரில் பேச்சு எடுபடுகிற மனிதர். தையல் அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"என்ன டீச்சரு, எம் மகளுக்கு டவுசர் தைக்கிறீகளாம்ல?"

"டவுசர் இல்லண்ணே. பாவாடைதான். நீங்க பாருங்க."

"நான் எதுக்குப் பாக்கணும்? ஓடுறதுக்கா பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனேன்? இந்த வருசத்தோட நிப்பாட்டிரலாம்னு இருக்கோம். அதுக்குள்ள நாலு பேரு சிரிக்கிற மாதிரி ஆக்கிப்புடாதீக."

அவர் போன பிறகு இருதயம்மாள் மிஷினில் உட்கார்ந்தாள். மிதிக்கக் கால் வரவில்லை. எட்டாம் வகுப்பில் முப்பது பெண் பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் பதினோரு பேர். அதற்கு மேலே போகப் போகக் குறைந்து, எஸ்.எஸ்.எல்.சி.யில் மூன்று பேர். வருஷா வருஷம் பிள்ளைகள் இப்படித்தான் உதிர்ந்துகொண்டிருந்தார்கள். பூமாரியும் அதில் ஒன்றாகப் போகிறாள். அந்த நினைப்பு அவளை உட்காரவிடவில்லை. எழுந்து தலைமையாசிரியர் சுந்தர்ராஜ் அறைக்குப் போனாள்.

"சார், அரைப்பரீட்சை லீவு விடுற அன்னைக்குத் தாய் தகப்பன வரச்சொல்லி மார்க்கு அட்டை குடுக்கப் போறீக. எனக்குப் பத்து நிமிசம் வேணும்."

"என்ன பேசப்போறீங்க டீச்சர்?"

"பேசல சார்."

சுந்தர்ராஜ் போடிக்காரர், எதையும் ரெண்டு தடவை யோசிக்கிற மனிதர். இந்தத் தடவை என்னவோ, சரி என்று சொல்லிவிட்டார்.

அந்த நாள் வந்தது. வேப்பமரத்தடியில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஆம்பளைகள் ஒரு பக்கம், பொம்பளைகள் ஒரு பக்கம். மார்க்கு அட்டை கொடுத்து முடிந்ததும் தையல் அறைக் கதவு திறந்தது. இருதயம்மாள் வெளியே வந்தாள். நீலப் பாவாடை, முழுக்கை ரவிக்கை, அதன் மேலே இழுத்துச் செருகிய தாவணி. நாற்பத்தொரு வயசில், கனத்த உடம்போடு.

பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "டீச்சரம்மாவுக்குக் கொமரிப் பிள்ளையா மாறணும்னு ஆசை வந்துருச்சாக்கும்," என்றது ஒரு குரல். இருதயம்மாளுக்குக் காது மடல் சூடாகி எரிந்தது. திரும்பி அறைக்குள் ஓடிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. மனசுக்குள் மாதாவை ஒரு தடவை கூப்பிட்டாள். கூட்டத்துக்கு நடுவாக ஒரு சுற்று நடந்தாள்.

"நல்லாப் பாத்துக்கங்க. இது பாவாடையா, டவுசரா?"

"பாவாடைதான்," என்றார்கள் நாலைந்து பேர்.

"சரி," என்றாள். ஓட ஆரம்பித்தாள்.

வாழ்க்கையில் அவள் ஓடியதே இல்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியவள் இல்லை. அன்றைக்கு கோ-கோ களத்தின் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்கு மூச்சிரைக்க ஓடினாள். கம்பத்தைப் பிடித்துச் சுற்றித் திரும்பினாள். நடுவில் குந்தினாள், எழுந்தாள், மறுபடி குந்தி எழுந்தாள். பாவாடை ஓரிடத்தில்கூடத் தடுக்கவில்லை, விலகிக் கால் தெரியவும் இல்லை. மூன்றாவது சுற்றில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. பிள்ளைகள் கை தட்டத் தொடங்கினார்கள். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது முதலில் எழுந்து வந்தவள் பூமாரியின் அம்மா பாண்டியம்மாள்.

குனிந்து, பாவாடை விளிம்பைப் புரட்டிப் பார்த்தாள். தையலை இரண்டு கையாலும் பிடித்து, பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். பிரியவில்லை.

"ரெட்டைத் தையலா போட்டிருக்கீக?"

"மூணு ஓட்டம் ஓட்டியிருக்கேன் ஆத்தா."

பாண்டியம்மாள் நிமிர்ந்து, ஆம்பளைகள் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "எனக்கு ஒண்ணு தச்சுக் குடுங்க டீச்சரம்மா. சேத்துக்குள்ள எறங்கிக் களை எடுக்கச் சவுரியமா இருக்கும். எம் மகளுக்கும் ஒண்ணு. அவ ஓடட்டும்."

பலவேசம் துண்டை உதறித் தோளில் போட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது.

அடுத்த வருஷம் முழுக்கச் சாயங்காலம் தவறாமல் பயிற்சி நடந்தது. அய்யாத்துரை விசில் ஊதினார், இருதயம்மாள் ஓரத்தில் ஊசி நூலோடு உட்கார்ந்திருந்தாள். ஜக்கம்மா தினம் நூறு தடவை குந்தி எழுந்தாள். ஆவணியில் அதே உத்தமபாளையத்தில் ஜெயித்தார்கள். ஐப்பசியில் பெரியகுளத்தில் ஜெயித்தார்கள். மதுரை மாவட்ட இறுதிப் போட்டிக்குப் போகும் இரண்டு அணிகளில் ஒன்று செங்குளத்துப்பட்டி என்று தந்தி வந்தபோது, பியூன் அம்மாவாசி பள்ளிக்கூட மணியைக் கை ஓயும்வரை அடித்தார்.

மதுரையில் அது ஒரு கல்லூரி மைதானம். எதிரணி நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். வெள்ளைக் கான்வாஸ் ஷூ, வெள்ளைக் கால்சட்டை. செங்குளத்துப்பட்டிப் பிள்ளைகள் வெறுங்கால். கோட்டுக்கு அருகே போனதும் நடுவர் கையை நீட்டித் தடுத்தார். சொர்ணலதா என்று பெயர். கண்டிப்பான அம்மா.

"பாவாடையோட இறங்க முடியாதும்மா. விதியில இடமில்ல. மாத்திட்டு வாங்க, இல்லாட்டி எதிர் டீம் ஜெயிச்சதா எழுதிருவேன்."

பிள்ளைகள் இருதயம்மாளைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பூமாரி, காலை அகட்டி நில்லு ஆத்தா." மடிப்பை விலக்கிக் காட்டினாள். "பாருங்கம்மா. உள்ள ரெண்டு காலு. ஒங்க விதிக்கு இது கால்சட்டை. எங்க ஊருக்கு இது பாவாடை."

சொர்ணலதா குனிந்து பார்த்தார். பூமாரியைக் குதிக்கச் சொன்னார், குந்தச் சொன்னார், ஓடச் சொன்னார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"யாரு தச்சது?"

"நான்தான்மா."

"எறங்கச் சொல்லுங்க," என்றார். போகிற போக்கில் திரும்பி, "அளவு எனக்கு வேணும். போறதுக்கு முன்னால தந்துட்டுப் போங்க," என்றார்.

ஆட்டம் தொடங்கியது. நகரத்துப் பிள்ளைகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. இரண்டு சுற்றும் துரத்தி, மொத்தம் பதினைந்து பேரை அவுட்டாக்கி முடித்துவிட்டார்கள். செங்குளத்துப்பட்டி முதல் சுற்றில் ஏழு பேரைத்தான் பிடித்திருந்தது. கடைசிச் சுற்றில் ஒன்பது பேரைப் பிடித்தால் வெற்றி. கையில் ஏழு நிமிஷம்.

பூமாரி இரண்டு கையையும் வீசி ஓடினாள். அவள் கம்பத்தைப் பிடித்துச் சுழன்ற வேகத்தில் நீல மடிப்பு குடை மாதிரி விரிந்து மூடியது. ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது ஆளைப் பிடிக்கும்போது மூன்று நிமிஷம் மிச்சம். எட்டாவது ஆள் விழுந்தபோது அரை நிமிஷம். சமம். எதிரில் நின்றவள் அவர்களிலேயே நெட்டையான பிள்ளை, அதுவரை யார் கைக்கும் சிக்காதவள். 'கோ', 'கோ' என்று முதுகுகள் மாறிக்கொண்டே போயின. கடைசியில் தட்டு ஜக்கம்மாளுக்கு விழுந்தது.

இருதயம்மாளுக்குக் கண்ணை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. மூடவில்லை. ஜக்கம்மா எழுந்தாள். இரண்டே எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டுக்குப் பதிலாக உடம்பை அப்படியே முன்னால் வீசினாள். நெஞ்சு மண்ணில் இழுபட, நீட்டிய விரல் நெட்டைப் பிள்ளையின் குதிகாலைத் தொட்டது. விசில்.

அவுட்டா, நேரம் முடிந்ததா என்று யாருக்கும் புரியவில்லை. சொர்ணலதா அவுட் என்று கையை உயர்த்தினார். ஜக்கம்மா முகமெல்லாம் மண்ணோடு எழுந்து, பாதிப் பல் தெரியச் சிரித்தாள். இருதயம்மாள் என்ன கத்தினாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. "எம் பிள்ளைக! எம் பிள்ளைக!" என்று கத்தியதாக அய்யாத்துரைதான் சொன்னார்.

அந்தச் சத்தத்துக்குள்ளேயே ஒருவர் கயிற்றைத் தாண்டிக் குதித்து வந்தார். பலவேசம். அன்றைக்கு மதுரை மார்க்கெட்டுக்கு வாழைத்தார் லாரியோடு வந்தவர், யாரிடமும் சொல்லாமல் மைதானத்து ஓரத்தில் ஆட்டம் முழுக்க நின்றிருக்கிறார். தோளில் ஒரு தார். அதை மண்ணில் இறக்கிவைத்து, சீப்புச் சீப்பாகப் பிய்த்து, ஜெயித்த பிள்ளைகளுக்கும் தோற்ற பிள்ளைகளுக்கும் கையில் கையில் கொடுத்தார். கடைசியில் இருதயம்மாளிடம் வந்தார். ஒரு சீப்பை அவள் கையில் வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

1978 பங்குனியில் ஆண்டு விழா. பந்தல், சீரியல் விளக்கு, கம்பம் டவுனிலிருந்து வந்த மைக் செட். மேடையில் சுந்தர்ராஜ் அந்த வருஷத்து அறிக்கையை வாசித்தார். பரீட்சை முடிவு, புதுக் கட்டடம், மரம் நட்டது, பேச்சுப் போட்டி. விளையாட்டுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளைப் பார்க்காமலே சொல்லத் தொடங்கினார். மேடைக்குப் பின்னால் இருதயம்மாள் அடுத்த நிகழ்ச்சிக்குக் கோலாட்டப் பிள்ளைகளுக்குச் சேலை மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். வாயில் ஆறேழு குண்டூசி.

"இருதயம்மாள் டீச்சர் மேடைக்கு வரணும்," என்று மைக்கில் சத்தம் வந்தது. அவளால் வாயைத் திறந்து பதில் சொல்ல முடியவில்லை. "டீச்சர், போங்க டீச்சர்," என்று பிள்ளைகள் தள்ளினார்கள். குண்டூசிகளை ஒவ்வொன்றாகத் துப்பிக் கையில் வாங்கி, முந்தானையில் குத்திக்கொண்டு, கழுத்தில் டேப்போடு படியேறினாள்.

பந்தல் எழுந்து நின்றது. ஆம்பளை, பொம்பளை எல்லாரும். பாண்டியம்மாள் கையை வாயருகே குவித்து ஒரு குலவை போட்டாள், அவளைத் தொட்டுப் பொம்பளைகள் பக்கம் முழுக்கக் குலவை பரவியது. கலெக்டர் ஆபீசிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் மதுரையில் ஜெயித்த கோப்பையை நீட்ட, இருதயம்மாள் அதை வாங்கியதும் கீழே முன்வரிசையில் நின்ற ஒன்பது பிள்ளைகளிடம் குனிந்து கொடுத்தாள்.

அப்போது பலவேசம் மைக்கைக் கேட்டு வாங்கினார். மைக்கில் பேசிப் பழக்கமில்லாததால் தோப்புக்குள் கூப்பிடுகிற மாதிரி கத்தினார்.

"எம் மக பூமாரி எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிப்பா. அதுக்கு மேல படிக்கணும்னாலும் படிப்பா. ஊருக்கு முன்னால சொல்லிப்புட்டேன். நெஞ்சுல தெம்பு இருக்கிற தகப்பன் எல்லாம் வந்து இங்கன சொல்லுங்கப்பா!"

முதலில் சிரித்தார்கள். பிறகு ஜக்கம்மாளின் அப்பா சுருளியாண்டி எழுந்து வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கோலாட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் தாமதமாகிவிட்டது. சுந்தர்ராஜ் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்தபோது நடுவில் நின்றுபோனவர்களும் சேர்ந்து ஒன்பதாம் வகுப்புக்கு முப்பத்தெட்டுப் பெண் பிள்ளைகள் வந்து நின்றார்கள். இருந்த அறை பற்றவில்லை. சுந்தர்ராஜ் தயங்கித் தயங்கித் தையல் அறைக்கு வந்தார். "டீச்சர், வேற எடம் இல்ல. இந்த அறையை ஒன்பது பி-க்கு விட்டுத் தருவீங்களா? கட்டடம் வர்ற வரைக்கும்..."

"எடுத்துக்கங்க சார்," என்றாள் இருதயம்மாள். இந்தத் தடவை மனசார.

அம்மாவாசியும் அய்யாத்துரையுமாக மிஷின் இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் வெளியே புங்கமர நிழலில் வைத்தார்கள். மிஷின் கால் மண்ணில் புதைந்தது. ஓட்டுச் சில்லைப் பொறுக்கி அடியில் கொடுத்து நிறுத்தினாள். ஆறாம் வகுப்புப் பொடிப்பிள்ளைகள் பதினான்கு பேர் ஓட்டப்பாவாடைக்கு அளவு கொடுக்க வரிசையில் நின்று ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் பிள்ளையின் இடுப்பில் டேப்பைச் சுற்றினாள். இருபது அங்குலம்தான் இருந்தது. வளரும் என்று, உள்ளே மடித்துத் தைக்க நாலு அங்குலம் தாராளமாக விட்டே வெட்டினாள்.